பிரசங்கம் இல்லாத ஞாயிறு

என் வீட்டுக்காரர் திண்டிவனத்தில் போதகராக இருந்தார். சுற்றியுள்ள கிராமச் சபைகளுக்கும் சைக்கிளில் போய் வருவார். சனிக்கிழமை சாயங்காலம் நான் மல்லாட்டைக் கடலை உரிக்க உட்கார்ந்தால், எதிரே உட்கார்ந்து மறுநாள் பிரசங்கத்தைச் சொல்லிப் பார்ப்பார். எந்த இடத்தில் ஜனங்கள் தூங்குவார்கள் என்பதைத் தாட்சண்யம் பார்க்காமல் சொல்லிவிடுவேன். அவருக்குச் சிரிப்பு வரும்.

சாவு வீட்டுப் பிரசங்கத்தை மட்டும் அவர் சொல்லிப் பார்த்ததே இல்லை. அது மனப்பாடம். தோட்டக்காரர் நல்ல பூவாகப் பார்த்துப் பறித்துக்கொண்டார், எல்லாம் நன்மைக்குத்தான், வேதத்தில் யோபுவுக்குப் போனதெல்லாம் இரட்டிப்பாகத் திரும்பி வந்தது. கேட்டவர்கள் தலையாட்டுவார்கள். நானும் ஆட்டியிருக்கிறேன்.

அறுபதுகளின் தொடக்கத்தில் எங்கள் ஒரே மகள் இறந்துபோனாள். நான்கு வயது. தொண்டை அடைத்துக்கொண்டு மூச்சுக்குத் திணறினாள். விழுப்புரம் ஆஸ்பத்திரிக்குப் பஸ்ஸில் தூக்கிக்கொண்டு ஓடினோம். விக்கிரவாண்டி தாண்டும்போது என் மடியிலேயே அடங்கிவிட்டாள். அடக்க ஆராதனைக்கு வேறு ஊர்ப் போதகர் வந்தார். அவரும் அந்தப் பூவைத்தான் பறித்தார். எழுந்து கத்தியிருப்பேன், உடம்பில் தெம்பில்லை.

அந்த ஞாயிறு ஒலக்கூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் ஆராதனை நடத்துவது என் வீட்டுக்காரர் முறை. வேறு யாரையாவது அனுப்பக் கூடாதா என்று கேட்டேன்.

"அவங்க வீட்டுல சாவு வந்தப்பல்லாம் நான்தான் போய்ப் பேசினேன். எனக்கு வந்ததும் ஒளிஞ்சிக்கினா எப்படி?" என்றார்.

சனிக்கிழமை மல்லாட்டையும் இல்லை, ஒத்திகையும் இல்லை. அவர் புத்தகங்களைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார். எனக்குப் பொறுக்கவில்லை.

"நாளைக்கு எல்லாம் நன்மைக்குன்னு நீங்க சொன்னீங்கன்னா, நான் அப்பவே எழுந்து எங்கம்மா வீட்டுக்குப் போயிடுவேன். திரும்பி வரமாட்டேன்" என்றேன்.

அது வெறும் மிரட்டல் இல்லை. அப்படிச் சொல்லிவிட்டு வருகிற மனிதருக்குச் சோறு போட என்னால் ஆகாது என்று தோன்றியது. அவருக்கும் அது புரிந்தது.

"வேற என்ன சொல்றதுன்னு எனக்குத் தெரியலியே" என்றார்.

பாவமாக இருந்தது. இருந்தும் நான் இறங்கி வரவில்லை.

கோயில் சின்னது. ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம், எல்லோரும் பாயில்தான். வாசலுக்குப் பக்கமாக உட்கார்ந்துகொண்டேன். அவர் அங்கியோடு எழுந்து வேதத்தைத் திறந்தார். அதில் அழுகையில் தொடங்கி அழுகையிலேயே முடிகிற சங்கீதப் பாடல் ஒன்று உண்டு. கடைசி வரியில்கூட விடியாது. அத்தனை வருஷத்தில் அதை அவர் சபையில் படித்து நான் கேட்டதில்லை. நிறுத்தி நிறுத்திப் படித்தார்.

"இதுவும் வேதத்துலதான் இருக்குது. இன்னிக்கு இதுக்கு மேல எனக்குச் சொல்லத் தெரியலை" என்றார்.

பிறகு நேராகப் பெண்கள் பக்கம் நடந்து வந்து என் அருகில் உட்கார்ந்தார். எந்தப் போதகரும் செய்யாத காரியம். பெண்கள் நகர்ந்து இடம் விட்டார்கள். அத்தனை பேர் முன்னால் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவர்மேல் எனக்கு அவ்வளவு பிரியம் வந்ததில்லை.

ஆராதனை முடிந்ததும், பிரசங்கம் இல்லாமல் ஒரு ஞாயிறா என்று சபை மூப்பர் முணுமுணுத்தார். அவர் போகட்டும் என்று காத்திருந்த ஒரு பெண் கிட்டே வந்தாள். கூலிக்குக் களை எடுக்கிறவள்.

"ஐயா, இப்பப் படிச்சீங்களே, அதை எம்புள்ளைக்கும் ஒருவாட்டி படிக்கிறீங்களா?"

சில வருஷங்களுக்கு முன் அவள் குழந்தை ஞானஸ்நானம் கொடுப்பதற்குள் இறந்துபோனது. அப்படிப்பட்ட குழந்தைகளுக்கு அடக்க ஆராதனை கிடையாது என்பது எங்கள் சபையின் வழக்கம். அன்றைக்கு அவள் புருஷன் வந்து கூப்பிட்டபோது அதைச் சொல்லித் திருப்பி அனுப்பியவர் என் வீட்டுக்காரர்தான்.

அவர் முகம் கறுத்தது. "புள்ளைய எங்க வச்சீங்கம்மா?" என்று கேட்டார்.

"ஏரிக்கரையாண்ட. ஒன்னும் படிக்காமலேயே மூடிட்டோம் ஐயா."

அங்கியைக் கழற்றாமல் அவள் பின்னால் நடந்தார். நானும் போனேன். அடையாளம் என்று ஒரு கல்கூட இல்லை. அவள் மட்டும் தயங்காமல் ஒரு வேலிக்காத்தான் புதருக்குப் பக்கத்தில் போய் நின்றாள். அவர் அந்தச் சங்கீதத்தை முதலிலிருந்து படித்தார். முடித்ததும், வருஷக்கணக்கான பழக்கம், ஆறுதலாக ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"இது போதும் ஐயா" என்றாள்.