ராஜபாளையத்துப் பச்சைப் புள்ளிகள்

நான் இருக்கிற இந்த ஜெர்மன் ஊரில் எல்லாரும் காலையில் ஜன்னலைத் திறந்து வானிலை பார்ப்பார்கள். நான் பிரவுசரைத் திறந்து ராஜபாளையத்தைப் பார்ப்பேன். எங்கள் பேண்டேஜ் துணித் தறிக்கூடத்தின் ஆபீஸ் அறையில் ஒரு சர்வர் இருக்கிறது. போன லீவில் நான் வைத்துவிட்டு வந்தது. அதில் ஓடுவது மூன்று கன்டெய்னர்கள். கன்டெய்னர் என்றதும் தூத்துக்குடி லாரி நினைவுக்கு வந்தால் அதை விட்டுவிடுங்கள். இது கணினிக்குள்ளேயே வேலைக்கொரு அறை தடுத்துக் கொடுப்பது. தறி ஓட்டத்துக்கு ஒன்று, பில்லுக்கு ஒன்று, ஆள் வருகைக்கு ஒன்று. ஓடினால் பச்சைப் புள்ளி, நின்றால் சாம்பல். ஜெர்மனியில் இருந்தபடியே ஒரு வலைப்பக்கத்தில் நிறுத்தலாம், ஓட்டலாம். மகன் கைக்கெட்டாத தூரத்தில் இருக்கிறானே என்ற அப்பாவின் குறைக்கு நான் கண்டுபிடித்த சமாதானம் அதுதான்.

அன்றைக்கு இங்கே என் ஆபீஸில் உட்கார்ந்து பார்த்தால் பில் நின்றிருந்தது. ஏதோ கோளாறு என்று ஸ்டார்ட்டை அமுக்கினேன். பச்சையானது. உடனே மறுபடி சாம்பல். பிறகு ஆள் வருகை நின்றது. செத்த நேரம் கழித்துத் தறி ஓட்டம். கரண்ட் போனால் மொத்தமாகப் போகும், பக்கமே திறக்காது. இது யாரோ அங்கே உட்கார்ந்து ஒவ்வொன்றாக நிறுத்துகிற வேலை.

ஸ்டார்ட்டிலிருந்து கையை எடுத்துவிட்டேன். தாத்தா இறந்த அன்று அப்பா மெயின் சுவிட்சில் யாரையும் கைவைக்க விடவில்லை. தறி தறியாகப் போய்த் தன் கையாலேயே நிறுத்தினார். "சோறு போட்டதை வெடுக்குன்னு புடுங்கக் கூடாதுலே. சொல்லி நிறுத்தணும்" என்றார். வீட்டில் சாவு என்றால் எங்கள் கூடத்தில் அப்படித்தான். அப்பாவோ ஒரு வாரமாக ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரியில் மூச்சுத் திணறலோடு கிடந்தார்.

பக்கத்து மேஜை மத்தியாஸ் எட்டிப் பார்த்தார். "எங்கப்பா போய்விட்டார்" என்றேன். திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"சர்வரை அவர்தான் கவனித்துக்கொண்டாரா?"

"இல்லை. எல்லாம் நின்றுவிட்டது, பாருங்கள்."

"கவலைப்படாதே, மறுபடி ஸ்டார்ட் செய்தால் வந்துவிடும்" என்று தோளைத் தட்டினார். நல்ல மனிதர். எனக்குக் கோபம்கூட வரவில்லை.

ஊரில் கூடத்தைப் பார்த்துக்கொள்ளும் அண்ணனுக்குப் போன் போட்டேன். "ஏலே, அப்பா போயிட்டாக. ஒனக்கு எப்படிச் சொல்லன்னு தெரியாமத்தான் மொதல்ல இதை நிறுத்த உக்காந்தேன். நீ அங்கன இருந்து திரும்பப் போடுத" என்று அழுதான். பிறகு சொன்னான்: "அம்மா தாங்க மாட்டாக, இன்னைக்கே எடுத்திருதோம். நீ வந்து சேர எம்புட்டு நேரம் ஆகும்?" விமானம், மதுரை, அங்கிருந்து கார். எப்படிப் பார்த்தாலும் ஒரு நாள் தாண்டிவிடும். அவன் கொள்ளி வைத்ததைப் போனில்தான் பார்த்தேன். படம் நடுநடுவே நின்று நின்று வந்தது. அப்பா முகம் தெரிந்த இடத்தில் நிற்கக் கூடாதா என்றிருந்தது.

மறுநாள் சுடுகாட்டில் பால் தெளித்துவிட்டு வந்து கூடத்தை ஓட்ட வேண்டும். மகன் கைதான் தொடங்க வேண்டும். "தறியை நான் போடுதேன். கம்ப்யூட்டர்ல உள்ளதை நீ போடு. நீயும் அவுக மகன்தானலே" என்றான் அண்ணன். தலைக்குக் குளித்துவிட்டு வந்து ஒவ்வொன்றாக அமுக்கினேன். புள்ளிகள் பச்சையாயின. போனில் தறிச் சத்தம் எழும்பியது. அண்ணன் போனைத் தறிப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போய்விட்டான். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்திருக்கிறது, நான் ஜன்னலைத் திறக்கவில்லை. ஈரத்தலை காயும்வரை அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.