மேடையில் அவளுடைய உடை

பிப்ரவரி பத்தாம் தேதி, காலை ஒன்பதே கால் மணிக்கு அது தொடங்கியது. ஜார்ஜ் டவுனில் நான் பயிற்சி பெற்றுவந்த மலேசிய அரசு அலுவலகத்தில் அன்று கறுப்பின வரலாற்று நாள். என்னோடு இலக்கியம் படிக்கும் கானா நாட்டுத் தோழியைப் பேச அழைத்திருந்தேன். கண்காட்சிக்காகத் தன் நாட்டு உடையொன்றை அவள் முதல் நாளே கொடுத்து அனுப்பியிருந்தாள்.

மேற்பார்வையாளர் அக்கா சிரித்தபடி வந்தார்.

"தங்கச்சி, உன் கூட்டாளிய ஜாகா கேட்லயே திருப்பி அனுப்பிட்டாராம். லெட்டர்ல சாப் இல்லையாம் லா."

கடிதத்தைத் தட்டச்சு செய்தவள் நான். அலுவலக முத்திரை குத்த மறந்தவளும் நான். ஆனால் அதே காவலாளியைத் தாண்டிக் கடிதமே இல்லாமல் எத்தனையோ பேர் நுழைவதைப் பார்த்திருக்கிறேன்.

"நான் போய்க் கூட்டிட்டு வரேன்க்கா."

"பாஸ் வந்துட்டாரு, நேரமில்ல. நீயே அந்த உடுப்பப் போட்டு நில்லு. உனக்கு மேக்கப்கூடத் தேவையில்ல!"

அறையே சிரித்தது. அக்காவும் என் நிறந்தான்.

நான் உடுத்திக்கொண்டேன். அனைவரையும் அரவணைப்பது பற்றி அதிகாரி பேசினார். அவர் அருகில் நின்று படத்துக்குச் சிரித்தேன். மாலையில் அந்தப் படத்தை அலுவலகத்தின் முகநூல் பக்கத்தில் பார்த்துவிட்டுத் தோழி எழுதியிருந்தாள்: "உனக்கு நன்றாகப் பொருந்துகிறது." மன்னிப்புக் கேட்பதென்றால், அவளை விட்டுக்கொடுத்தவள் நான் என்று முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். நான் கைபேசியை அணைத்து வைத்தேன்.

மறுநாள் காலை, பயிற்சிக் குறிப்பேட்டில் 'சிறப்புப் பேச்சாளர் வர இயலவில்லை' என்று எழுதி, அக்காவின் கையொப்பத்துக்கு நீட்டினேன்.