வலது பின்சக்கரம்

சவூதியின் தம்மாமில் இருபத்தொரு வருஷமாக ஜியாவுதீன் பார்த்தது ஒரே வேலைதான்: பிரேக். அந்தப் பட்டறையில் எஞ்சினுக்கு ஒரு மலையாளி, ஏசிக்கு ஒரு பாகிஸ்தானி, பெயின்டுக்கு ஒரு வங்காளி. பிரேக் என்றால் ஜியாவுதீன். ஐம்பத்திரண்டாவது வயதில் முழங்கால் தேய்ந்து கோட்டையூருக்குத் திரும்பி வந்தபோது வேறு தொழில் எதுவும் தெரியவில்லை. வீட்டுப் பக்கவாட்டில் இருந்த காலி இடத்தில் சிமென்ட் பூசி, தகரம் போட்டு, சாமான்களைப் பரப்பி வைத்தார். போர்டு மாட்டவில்லை. தெரிந்தவர்கள் வந்தார்கள்; அவர்கள் சொல்லிப் பிறரும் வந்தார்கள். இரண்டு வருஷத்தில் அவர் கைபட்டுப் போன வண்டி எதுவும் குறை என்று திரும்பி வந்ததில்லை. அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு என்று மனைவி ஹஸ்னாவே சொல்லுவாள்.

தங்கை சைதுன் பீவியின் கணவர் சாதிக் அலி காரைக்குடியில் கல்யாணத்துக்குப் பந்தலும் பாத்திரமும் வாடகைக்கு விடுகிறவர். அவருடைய பிக்கப் வண்டிக்குப் பிரேக் பார்ப்பது எப்போதும் ஜியாவுதீன்தான். போன ஆவணியில் ஒரு வியாழக்கிழமை மாலை, மிதித்தால் வண்டி ஒரு பக்கமாக இழுக்கிறது என்று சொல்லி அதைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டுப் போனார்.

மறுநாள் காலையில் ஜியாவுதீன் முன்சக்கரங்களுக்குக் கல்லை முட்டுக் கொடுத்து, பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, அடியில் கட்டையை வைத்துச் சக்கரங்களைக் கழற்றினார். பிரேக்கை மூடியிருக்கும் டிரம்களில் இடது டிரம் சுலபமாக வந்தது. வலது டிரம் துரு ஏறிப் பிடித்துக்கொண்டிருந்தது. அதிலிருக்கும் இரண்டு ஓட்டைகளிலும் போல்ட்டைப் போட்டு மாறி மாறி முடுக்கியதும் கழன்றது. உள்ளே இருந்த தூசியை அவர் ஊதவில்லை. ஊதி ஊதியே நெஞ்சு கெட்டுப்போன ஒருவரை அவர் தம்மாமில் பார்த்திருக்கிறார். சோப்புத் தண்ணீர் விட்டுக் கழுவினார். பிறகு பிரேக் ஷூக்களை விரித்துத் தள்ளும் வீல் சிலிண்டரின் ரப்பர் மூடியை நகத்தால் மெல்ல நெம்பினார். பிரேக் ஆயில் கசிந்து விரலில் வழிந்தது. ஷூவில் உரசிப் பிடிக்கிற லைனிங் முழுக்க ஊறிப்போயிருந்தது.

காரைக்குடியில் விசாரித்ததில் ஒரு கடைக்காரர் சிலிண்டரும் ஷூவும் மதுரையிலிருந்து மறுநாள் மத்தியானம்தான் வரும் என்றார். ஜியாவுதீன் சாதிக் அலிக்குப் போன் போட்டார். அன்று மாலையே நாட்டரசன்கோட்டைக்கு அண்டா குண்டான்களைக் கொண்டுபோய் இறக்க வேண்டும் என்று சாதிக் அலி அலுத்துக்கொண்டார். லைனிங்கைத் துடைத்து மாட்டினால் இன்றைக்கு ஒரு நாள் ஓடாதா என்று கேட்டார்.

“ஊறுன லைனிங்கத் துடைச்சாலும் எண்ணெய் போகாது மாப்ளே. சிலிண்டரும் ஒழுகுது. லோடோட மிதிச்சா நிக்காது. வேற வண்டி பாருங்க” என்றார் ஜியாவுதீன்.

டிரம்மைக் கழற்றியபடியே வைத்துவிட்டு, குளித்து, ஜும்ஆவுக்குப் போனார்.

தொழுகை முடிந்து வெளியே வந்து பார்த்தபோது போனில் ஹஸ்னாவின் அழைப்பு நான்கு முறை வந்திருந்தது. சாதிக் அலி ஓர் ஆளோடு வந்து, லைனிங்கைப் பெட்ரோலால் துடைத்து, டிரம்மையும் சக்கரத்தையும் மாட்டி, வண்டியை எடுத்துப் போய்விட்டாராம். வேண்டாம் என்று இவள் சொன்னதற்கு, மச்சானிடம் நான் பேசிக்கொள்கிறேன் என்றாராம். ஜியாவுதீன் உடனே போன் போட்டார். மூன்றாவது தடவைதான் சாதிக் அலி எடுத்தார். மெதுவாகத்தான் போவேன், கைபிரேக் வேறு இருக்கிறதே என்று சிரித்தார். ஜியாவுதீனுக்குச் சுர்ரென்று ஏறியது. எப்படியோ போ என்று போனை வைத்துவிட்டு, சாப்பிட்டுப் படுத்தார்.

அன்று அப்படிப் படுத்ததற்காக அவர் இன்றுவரை தன்னை மன்னிக்கவில்லை. பைக்கை எடுத்துக்கொண்டு போயிருந்தால் சரக்கு ஏற்றி முடிப்பதற்குள் கடை வாசலில் மறித்திருக்கலாம்.

காளையார்கோவிலுக்கு முன்னால் ஒரு வளைவில் ஆடுகள் குறுக்கே வந்தன. சாதிக் அலி மிதித்தார். பெடல் ஏறக்குறையத் தரை வரை போனது. இடது சக்கரம் மட்டும் பிடிக்க, வண்டி இடப்பக்கம் இழுத்துக்கொண்டு போய்ப் பள்ளத்தில் சாய்ந்தது. பின்னால் பாத்திரங்களோடு உட்கார்ந்து வந்த கடை ஆள் இராமுவின் காலில் இரண்டு அண்டாக்கள் விழுந்தன. சாதிக் அலிக்கு நெற்றியில் மூன்று தையல். இராமுவுக்கு வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

மறுநாள் காலையில் சைதுன் பீவி வந்தாள். உள்ளே வந்தவள் உட்காரவில்லை. பிரேக் பார்த்தது மச்சான்தான் என்று அவள் கணவர் போலீஸில் சொல்லிவிட்டாராம். மகள் இன்ஷாவுக்கு நிச்சயமாகிக் கல்யாணத்துக்கு இரண்டு மாதம்தான் இருந்தது.

“நீங்க இல்லன்னு சொல்லிட்டீகன்னா அவுகளப் பிடிச்சு உள்ள வச்சிருவாக. மாப்பிள்ளை வீட்டுக்காரவுக அன்னைக்கே முறிச்சிக்கிருவாக. ஒரு வார்த்தைதான் அண்ணே.”

“அப்ப பழி இவுக மேல விழட்டும்ங்கிறியா?” என்று ஹஸ்னா குறுக்கிட்டாள். சைதுன் பீவி அவளைத் திரும்பிப் பார்க்கவே இல்லை.

ஸ்டேஷனில் ஜியாவுதீனிடம் கேட்டார்கள், பிரேக்கைத் திறந்தது யார் என்று. நான்தான் என்றார். அது உண்மைதான். மூடியது யார் என்று எவரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. வழக்கு எப்படியோ இயந்திரக் கோளாறு என்று ஒதுங்கிப் போனது. ஊர்ப்பேச்சு ஒதுங்கவில்லை. வீட்டிலேயே பிரேக் பார்க்கிறேன் என்று சொல்லி ஒரு ஆளின் காலையே எடுத்துவிட்டார் என்று டீக்கடையில் பேசினார்கள். சர்வீஸுக்கு விட்டிருந்த ஒரு ஆட்டோவை அதன் சொந்தக்காரர் வந்து, அவசரமாகத் தேவைப்படுகிறது என்று சொல்லித் தள்ளிக்கொண்டு போனார். பிறகு ஒரு வண்டியும் வரவில்லை.

இராமுவின் மனைவி நாகவல்லி ஒரு நாள் வாசலில் வந்து நின்றாள். சண்டைக்கு வரவில்லை. ஆளை ஒரு தடவை பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்தவள் போலப் பார்த்தாள். “உங்களுக்கும் பிள்ளைகுட்டி இருக்குல்ல” என்று மட்டும் கேட்டுவிட்டுப் போய்விட்டாள். அன்றைக்கு ஜியாவுதீன் சாப்பிடவில்லை.

இன்ஷாவின் கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. தாய்மாமனாக அவர் செய்ய வேண்டியதைச் செய்தார். மாப்பிள்ளை வீட்டார் ஒருவரிடம் சாதிக் அலி அவரை அறிமுகப்படுத்தும்போது, வெளிநாட்டில் இருந்துவிட்டு இப்போது சும்மா இருக்கிறார் என்றார்.

மறுநாளே ஜியாவுதீன் இராமுவைத் தேடிப் போனார். கல்யாணம் முடிந்துவிட்டது, இனி மறைக்க வேண்டியதில்லை, இவனிடமாவது சொல்லிவிட வேண்டும் என்று போனார். சாதிக் அலி பாத்திரங்களை அடுக்கி வைக்கும் கிட்டங்கியில் இராமு ஸ்டூலில் உட்கார்ந்து, திரும்பி வந்த கரண்டிகளை எண்ணிச் சாக்கில் போட்டுக்கொண்டிருந்தான். ஜியாவுதீன் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். சிலிண்டர் ஒழுகியதை, வேண்டாம் என்று சொன்னதை, பள்ளிவாசலுக்குப் போனதை.

இராமு எண்ணுவதை நிறுத்தவில்லை.

“தெரியும் பாய். அன்னைக்கு டிரம்மத் தூக்கி மாட்டுனதே நாந்தான். உங்க வீட்டம்மா வேணாம்னு சொன்னதும் காதுல விழுந்துச்சு.”

அப்படியானால் ஏன் ஒருத்தரிடமும் சொல்லவில்லை என்று ஜியாவுதீன் கேட்டார்.

“ஒத்தக் காலோட எனக்கு வேற யாரு வேலை குடுப்பா? உக்காந்து பாக்குற வேலை, முதலாளியாப் பாத்துக் குடுத்துருக்காரு.” சாக்கைக் கட்டிவிட்டு நிமிர்ந்தான். “நீங்களும்தான் சும்மா இருந்தீக. உங்களுக்கு உங்க தங்கச்சி. எனக்கு இது.”

நாகவல்லிக்குத் தெரியுமா என்று கேட்டார். தெரியாது, அவளிடம் சொல்லிவிடாதீர்கள் என்றான். அவள் வாய் சும்மா இருக்காது. முதலாளி காதுக்குப் போனால் இந்த ஸ்டூலும் போய்விடும். யாரையாவது திட்டினால்தான் அவளுக்கு மனசு ஆறுகிறது, திட்டிவிட்டுப் போகட்டும் என்றான். இவர் நிற்பதை அங்குட்டு யாரோ பார்ப்பதாகச் சொல்லி, கிளம்புங்கள் என்றும் கேட்டுக்கொண்டான்.

வீட்டுக்கு வந்து ஹஸ்னாவிடம் சொன்னார். அவள், “எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கு. அப்ப யாருக்காக மறைச்சீக?” என்று கேட்டாள். ஜாக்கியையும் ஸ்பேனர்களையும் புதுக்கோட்டை பக்கத்து ஆள் ஒருவர் வந்து விலைபேசி எடுத்துப் போனார். தகரத்தின் கீழ் இப்போது ஹஸ்னா துணி காயப் போடுகிறாள்.

ஜியாவுதீன் இப்போது பழைய செட்டியார் வீடு ஒன்றில் நடத்துகிற தங்கும் விடுதியில் கார்களை நிறுத்த இடம் காட்டும் வேலையில் இருக்கிறார். விசிலும் காக்கிச் சட்டையும் கொடுத்திருக்கிறார்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில், பின்சக்கரத்தில் இரும்பு உரசும் சத்தத்தோடு வந்த ஒரு காரின் டிரைவரிடம் ஷூ தேய்ந்துவிட்டது, உடனே பாருங்கள் என்று சொல்லிவிட்டார். டிரைவர் உள்ளே போய்ப் புகார் செய்தார். விருந்தினர்களை எதையாவது சொல்லிப் பயமுறுத்தாதீர்கள் என்று மேனேஜர் கூப்பிட்டுக் கண்டித்தார்.

அதன் பிறகு எத்தனையோ கார்கள் அப்படி உரசிக்கொண்டு வந்திருக்கின்றன. சத்தம் வாசலில் திரும்பும்போதே அவருக்குக் கேட்டுவிடும், எந்தச் சக்கரம் என்றும் தெரிந்துவிடும். விசிலை ஊதி, இடத்தைக் காட்டுவதோடு சரி.