மதகு யாருடையது

எங்கள் ஒழுங்கையின், அந்தச் சின்னத் தெருவின், நடுக்கோடுதான் இரண்டு சபைகளுக்கும் எல்லை. எங்கள் வீட்டு வாசற்படலை பிரதேச சபைக்குள் இருக்கிறது. எதிர்வீட்டுப் படலை மாநகர சபைக்குள். ஒழுங்கைக்குக் குறுக்கே, வெள்ளம் அடியால் ஓட ஒரு சின்ன மதகு. அது இடிந்து அடைபட்டுப் பல மாரி போய்விட்டது. மழைவெள்ளம் ஓட வழியில்லாமல் எங்கள் வீட்டு வளவுக்குள் ஏறும், மலகூடக் குழி நிரம்பும், பிறகு கிணற்றுத் தண்ணீரை வாயில் வைக்க முடியாது. ஒவ்வொரு வருடமும் இதே கூத்து.

எங்கள் சபையில் கேட்டால், "மதகின்ரை வாய் அங்காலை, அவையிட்டைக் கேளுங்கோ" என்பார்கள். அங்கே போனால், "வெள்ளம் உங்கடை பக்கத்தாலைதானே வருது" என்பார்கள். கடிதம் எழுதி எழுதிக் கை உளைந்ததுதான் மிச்சம்.

போன வருடம், இரண்டு சபைகளையும் ஒன்றாக்குவது பற்றிச் சனங்களின் கருத்தைக் கேட்க ஓர் உத்தியோகத்தர் எங்கள் சனசமூக நிலையத்துக்கு வந்தார். ஒழுங்கையின் இரண்டு பக்கத்தாரும் வந்திருந்தார்கள். ஒரே சபை என்றால் மதகுக்கும் ஒரே சொந்தக்காரர். என் கிணறு தப்பும். அந்த நினைப்போடு முன்வரிசைக் கதிரையில் போய் இருந்தேன்.

"சேர்ந்தால் வரி கூடும்" என்றார் ஒருவர். "டவுன் குப்பை முழுக்க எங்கடை தரவை வெளிக்குத்தான் வரும்" என்றார் இன்னொருவர். எதிர்வீட்டு அண்ணை எழும்பி, "உவையின்ரை வெள்ளத்தை நாங்கள் ஏன் பொறுப்பெடுக்க வேணும்?" என்று கேட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பதில் சொல்ல வாயெடுப்பதற்குள், சேர்ந்தால் கந்தோர் எங்கே இருக்கும் என்று யாரோ கேட்டார்கள். அநேகமாக மாநகர சபைக் கட்டடத்தில்தான் என்றார் உத்தியோகத்தர்.

"அப்ப எங்கடை ஊரின்ரை பேர்?"

கேட்டது நான்தான். புதிய சபையின் பெயர்ப்பலகையில் அது இராது என்றார் அவர். ஆதரவானவர்களைக் கை தூக்கச் சொன்னபோது என் கை மடியிலேயே கிடந்தது. மண்டபம் முழுக்க ஒரு கைகூட எழும்பவில்லை. ஏதோ ஊரையே காப்பாற்றிவிட்ட மாதிரி நெஞ்சை வேறு நிமிர்த்திக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். மடையன்.

கார்த்திகையில் மழை கொட்டியது. மூன்றாம் நாள் கிணற்றில் அள்ளிய வாளியை முகர்ந்து பார்த்துவிட்டு என் மனைவி கீழே வைத்தாள்.

வழக்கம்போல எதிர்வீட்டு அண்ணைதான் வந்தார். அவர் வளவு மேடு, கிணற்றுக்கு ஒன்றும் ஆகாது. தன் மோட்டரைப் போட்டு, தண்ணீர்க் குழாயை அந்த மதகுக்கு மேலால் இழுத்து எங்கள் குடங்களுக்கு விட்டார். ஒவ்வொரு மாரிக்கும் அவர் தண்ணீரைத்தான் குடிக்கிறோம்.

"உங்கடை சபை ஆக்கள் வந்து பாக்கேல்லையோ?" என்றார்.

"உங்கடை ஆக்களும் வரேல்லைத்தானே, அண்ணை."

இரண்டு பேரும் சிரித்தோம். அவருடைய சபையும் உதவாது என்பதில் எனக்கு ஒரு திருப்திகூட வந்தது.

குடத்தை நிரப்பிக்கொண்டிருந்த மனைவி நிமிர்ந்து எங்கள் இருவரையும் பார்த்தாள். "கூட்டத்திலை உங்களிலை ஒராளாவது கை தூக்கினனீங்களோ?"

அண்ணை மோட்டரை நிற்பாட்டப் போனார். நான் நிரம்பிய குடத்தைத் தூக்கிக்கொண்டு, முழங்கால் வெள்ளத்துக்குள்ளால் வீட்டுக்கு நடந்தேன்.