கார்டில் கறந்த மூன்று படி

யுத்தம் நடந்துகொண்டிருந்த நாற்பதுகளில் ஒரு வருஷம். பெரம்பலூருக்குப் பக்கத்தில் செட்டிகுளத்தில் நான் வாழ்க்கைப்பட்டு நாலு வருஷம் ஆகியிருந்தது. அப்போது நான் செய்த ஒரு காரியத்தை இத்தனை வயதுக்குப் பிறகு எழுதுகிறேன். எழுதும்போதும் முகம் சுடத்தான் செய்கிறது.

எங்கள் சொந்தக்காரர்கள் சுற்றுவட்டாரத்தில் ஏழெட்டு ஊர்களில் சிதறிக் கிடந்தார்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனியாகக் கடுதாசி போடும் வழக்கம் எங்களிடம் இல்லை. யார் எழுதினாலும் பெரம்பலூரில் இருந்த பெரியப்பா வீட்டுக்குத்தான் கார்டு வரும். அவர் அதைக் கம்பியில் குத்தி வைத்திருப்பார். சந்தை நாளன்று நாங்கள் எல்லோரும் அங்கே வந்து இறங்கியதும், கண்ணாடியை மாட்டிக்கொண்டு அந்த வாரத்துக் கார்டுகளை ஒவ்வொன்றாக உரக்கப் படிப்பார். யார் வீட்டில் யாருக்குக் காய்ச்சல், எந்தக் கிணறு ஊறியது, எந்தப் பெண்ணுக்கு வரன் வந்தது, எல்லாம் எல்லாருக்கும் தெரிந்துவிடும்.

என் சித்தி மகளை அரியலூரில் கொடுத்திருந்தார்கள். எனக்கு இரண்டு மாதம் இளையவள், தங்கை முறை. அவள் புருஷனுக்கு ரயில்வே ஸ்டேஷனில் குமாஸ்தா உத்தியோகம். வாரம் தவறாமல் அவளிடமிருந்து கார்டு வரும். ரயிலடியில் ஓட்டு வீடு கொடுத்திருக்கிறார்கள். வாசலிலேயே குழாயில் தண்ணீர் வருகிறது. அவர் தையல் மிஷின் வாங்கித் தந்திருக்கிறார், ரவிக்கை தைக்கப் பழகுகிறேன் என்றெல்லாம் எழுதியிருப்பாள். பெரியப்பா படிக்கப் படிக்க, பெரியம்மா, "கொடுத்து வச்சவடி அவ" என்று என் முகத்தைப் பார்த்துத்தான் சொல்வாள். நானும் சிரித்துக்கொண்டே தலையாட்டுவேன். உள்ளே பற்றிக்கொண்டு எரியும்.

எங்களுக்கு இருந்தது மானாவாரிக் காடு. சோளமும் கடலையும் போடுவோம். கொட்டிலில் ஒரு ஜோடி உழவு மாடு, அவ்வளவுதான். என்னைப் பற்றி எழுத ஒன்றுமே இல்லை. ஐந்தாம் வகுப்பு வரை படித்திருந்ததால் எழுத மட்டும் தெரியும். அதுதான் வினையாகப் போயிற்று.

எங்கள் எதிர் வீட்டில் ஒரு செவலைப் பசு இருந்தது. நெற்றியில் வெள்ளைச் சுட்டி. அப்போதுதான் கன்று போட்டிருந்தது. அந்த வீட்டுக்காரி என்னைவிடப் பத்து வயது மூத்தவள். அவள் கோழி எங்கள் களத்தில் காய்ந்த சோளத்தைக் கிளறியது என்று நான் சண்டை பிடித்ததில் எங்களுக்குள் பேச்சுவார்த்தை நின்றுபோயிருந்தது. கோழியெல்லாம் ஒரு சாக்கு. அந்தப் பசு அவள் வீட்டில் நிற்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அவள் பால் கறக்கும் சத்தம் தெருவைத் தாண்டி என் வீட்டு அடுப்பங்கரை வரைக்கும் கேட்கும்.

ஒரு நாள் ஆற்றாமை தாங்காமல் ஒரு கார்டை எடுத்து எழுதினேன். "நாங்கள் செவலைப் பசு ஒன்று வாங்கியிருக்கிறோம். நெற்றியில் சுட்டி. வேளைக்கு மூன்று படி கறக்கிறது. குடிக்க ஆளில்லாமல் மோராக்கித் தெருவுக்கே ஊற்றுகிறேன்."

அடுத்த சந்தை நாளில் பெரியப்பா அதைப் படித்தபோது வீடே என்னைத் திரும்பிப் பார்த்தது. அந்த ருசி எனக்குப் பிடித்துப்போயிற்று. அதன் பிறகு வாரம் ஒரு கார்டில் பசுவைப் பற்றி ஏதாவது எழுதினேன். கார்டு படிக்கும் நேரத்தில் என் வீட்டுக்காரர் பெரும்பாலும் சந்தையில்தான் இருப்பார்; ஒரு நாள் பெரியப்பா அவரைப் பிடித்து, "மாப்பிள, மாடு நல்லாக் கறக்குதாமே?" என்று கேட்டுவிட்டார். அவர் ஒரு மாதிரி முழித்து, "ஆமாங்க, கறக்குதுங்க" என்று சொல்லிவைத்தார்.

வண்டி ஊர் எல்லையைத் தாண்டியதும் என்னைத் திரும்பிப் பார்த்து, "இந்தா, நம்ம வூட்ல எந்த மாடு மூணு படி கறக்குது? காளையா?" என்று கேட்டார். நான் சாலைப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவரும் அதற்கு மேல் கேட்கவில்லை.

சில மாதங்களில் தங்கைக்கு ஆண் குழந்தை பிறந்தது. அந்தக் கார்டு படிக்கப்பட்ட அன்று நான் தலைவலி என்று சொல்லி உள்ளே போய்ப் படுத்துவிட்டேன். எனக்கோ நாலு வருஷமாகியும் ஒன்றும் தங்கவில்லை. ஓட்டு வீடு, குழாய், மிஷின் எல்லாவற்றையும் கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். அதை மட்டும் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

பிறகு ஒரு நாள் மத்தியானம், எங்கள் வாசலில் ஒரு கூண்டு வண்டி வந்து நின்றது. உள்ளிருந்து தங்கை இறங்கினாள். அரியலூரிலிருந்து, பெட்ரோல் பஞ்சத்தில் கரியில் ஓடிய பஸ்ஸில் பெரம்பலூர் வந்து, அங்கிருந்து வண்டி பிடித்து வந்திருக்கிறாள். கையில் துணிச் சுருளாட்டம் குழந்தை. நாற்பது நாள் தாண்டிய பிள்ளை மாதிரியே இல்லை. காலும் கையும் குச்சி. அழுகைகூடச் சத்தமாக வரவில்லை.

"எனக்குப் பால் வத்திப்போச்சுக்கா. அங்க பால்காரன் நாலு மாட்டுப் பாலக் கலந்து, தண்ணியும் கலந்து ஊத்துறான். இவனுக்கு வயித்துல நிக்கவே மாட்டேங்குது. ஒரே மாட்டுப் பாலா குடுத்தாத்தான் பொழைப்பான்னு மருத்துவச்சி சொல்லிட்டா. ஒன் மாட்ட நம்பித்தான் வந்துருக்கேன். எங்கக்கா மாடு?"

"மேய்ச்சலுக்குப் போயிருக்கு" என்றேன். என் வீட்டுக்காரர் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு காட்டுப் பக்கம் போய்விட்டார்.

அவளை உள்ளே படுக்கச் சொல்லிவிட்டு, எட்டு மாதத்துக்குப் பிறகு முதல் தடவையாகத் தெருவைக் கடந்தேன். எதிர் வீட்டுக்காரி சோளம் புடைத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாளே தவிர, வா என்று சொல்லவில்லை. நான் நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினேன். அழுகையும் வந்துவிட்டது.

"என் மாட்டயா எழுதுன?"

"ஆமாக்கா."

"சுட்டியையுமா?"

"சுட்டியையுந்தான்."

"எத்தன படி?"

"மூணு."

"அடிப்பாவி! ஒரு படியே அதுக்குப் பெரும்பாடு!" என்று முறத்தைக் கீழே வைத்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். அந்த நேரத்தில் என் வீட்டிலிருந்து குழந்தை சிணுங்கும் சத்தம் கேட்டது. அவள் சிரிப்பு அப்படியே நின்றது. கொஞ்ச நேரம் காது கொடுத்துக் கேட்டாள்.

"போயி சொம்பக் கழுவி வையி. கொல்லப் பக்கமா ஓட்டியாரேன்" என்றாள்.

சொன்னபடி பசுவையும் கன்றையும் கொல்லை வழியாக ஓட்டிவந்து, மேய்ச்சலிலிருந்து திரும்பியது போல என் கொட்டிலில் கட்டினாள். புது இடம் என்பதால் பசு மிரண்டது. வேறு யார் கை பட்டாலும் உதைக்கும். அதனால் அவளே குந்தி, மடியைத் தடவிக் கொடுத்துக் கறந்தாள்.

அந்த நேரம் பார்த்துத் தங்கை குழந்தையோடு கொட்டில் வாசலில் வந்து நின்றாள். "இது யாருக்கா?" என்று கேட்டாள்.

எதிர் வீட்டுக்காரங்க என்று சொல்லியிருக்கலாம். நமக்கு ஒத்தாசைக்கு வந்திருக்காங்க என்று சொல்லியிருக்கலாம். என் வாயில் வந்தது வேறு. "பால் கறக்க வர்ற ஆளு" என்றேன்.

சொன்ன மறுகணம் எனக்கே திக்கென்றது. கறந்துகொண்டிருந்தவளுக்கு மூன்று அடி தள்ளித்தான் நான் நின்றிருந்தேன். கேட்காமல் இருந்திருக்க வாய்ப்பே இல்லை. அவள் கை நிற்கவில்லை. கறந்து முடித்து, சொம்பை என்னிடம் நீட்டி, "இந்தாங்கம்மா" என்றாள். அதுவரை என்னை 'ங்க' போட்டுப் பேசியதே இல்லை அவள்.

அன்றிலிருந்து ஒரு மாதத்துக்கு மேல் பசு என் கொட்டிலிலேயே நின்றது. காலையும் மாலையும் அவள் வந்து கறந்துவிட்டு, சாணியையும் அள்ளிவிட்டுப் போவாள். தங்கை காய்ச்சி ஆற்றிய பாலைச் சங்கில் புகட்டுவாள். மீதியைக் கொல்லை வழியாக எதிர் வீட்டுக்கே கொடுத்துவிடலாம் என்று பார்ப்பேன். பல நாள் தங்கையே உறையூற்றிக் குடித்துவிடுவாள். "மூணு படின்னு எழுதுனியே?" என்று ஒரு நாள் கேட்டாள். கன்று வளர்ந்துவிட்டது, பால் குறைந்துவிட்டது என்று அதற்கும் ஒரு பொய் சொன்னேன். எதிர் வீட்டில் அவள் பிள்ளைகள் மோர் இல்லாமல் உப்புத் தண்ணீரில் கரைத்த கூழைக் குடித்துக்கொண்டிருந்தார்கள். அதைப் பார்த்த பிறகும் நான் உண்மையைச் சொல்லவில்லை.

குழந்தை தேறினான். கன்னம் வைத்தது. அழுதால் தெருக்கோடி வரை கேட்டது. அவனை மடியில் போட்டுக்கொண்டிருக்கும்போது, இவன் எனக்குப் பிறந்திருக்கக் கூடாதா என்று நினைக்காத நாள் இல்லை. பிழைத்துவிட்டானே என்ற சந்தோஷமும் அதே மடியில்தான் இருந்தது.

புறப்படுகிற அன்று காலையில் தங்கை தன் பெட்டியிலிருந்து ஒரு புடவையை எடுத்தாள். பச்சையில் அரக்குக் கரை, ஒன்றிரண்டு தடவைதான் கட்டியிருப்பாள். துணிக்குப் பஞ்சமான காலம் அது. கொட்டிலுக்குப் போய், கறந்து முடித்து எழுந்தவளிடம் நீட்டி, "பாவம், தெனம் ரெண்டு வேளையும் வந்தீங்க, வச்சுக்கங்க" என்றாள்.

எனக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடலாமா என்றிருந்தது. எதிர் வீட்டுக்காரி ஒரு கணம்கூட என் பக்கம் பார்க்கவில்லை. முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். "மகராசியா இருங்க. புள்ள நூறு வயசு இருக்கணும்" என்றாள். உண்மையை முழுதாகச் சொல்லவேண்டும் என்றால் இதையும் சொல்லத்தான் வேண்டும். அந்த நேரத்திலும், அத்தனை வெட்கத்துக்கு நடுவிலும், அந்தப் புடவை எனக்கு வரவில்லையே என்று ஒரு நினைப்பு ஓடியது.

வண்டி தெருமுனை திரும்பியதும் அவள் பசுவை அவிழ்த்தாள். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். "வாங்காம இருந்தா அவளுக்குச் சந்தேகம் வந்திருக்கும்" என்று மட்டும் சொல்லிவிட்டு ஓட்டிக்கொண்டு போய்விட்டாள்.

அடுத்த சந்தை நாளில் பெரியப்பா தங்கையின் கார்டைப் படித்தார். என் பிள்ளைக்கு உயிர் கொடுத்தது அக்காதான், அவள் பெரிய மனசை ஏழு ஜென்மத்துக்கும் மறக்கமாட்டேன், அவள் வீட்டில் கறக்க வருகிற அம்மாகூடத் தங்கமானவள் என்று எழுதியிருந்தாள். பெரியம்மா எழுந்து வந்து எனக்கு நெட்டி முறித்தாள். எத்தனை வருஷமாக நான் ஏங்கிக் கிடந்த வார்த்தைகள் அவை! ஆனால் கேட்கக் கேட்க, அந்தக் கார்டில் இருந்தவள் மீதே எனக்குப் பொறாமையாக வந்தது. அவள் நான் இல்லையே.

"அது கறக்க வர்ற ஆளு இல்ல பெரியப்பா. மாடே அவுங்களுதுதான். நாங்க மாடே வாங்கல" என்றேன்.

பெரியப்பா கண்ணாடியைக் கழற்றினார். யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பெரியம்மா மெதுவாகத் தன் இடத்துக்குத் திரும்பிப் போய் உட்கார்ந்தாள். என் வீட்டுக்காரர் மட்டும் எழுந்து வந்து என் பக்கத்தில் நின்றுகொண்டார். அதன் பிறகு எங்கள் உறவுக்குள் நான் எது சொன்னாலும், "மூணு படியா?" என்று கேட்பது வழக்கமாகிவிட்டது. தங்கை முதல் தடவையாக என் பெயருக்கே நேராக ஒரு கார்டு போட்டாள். பொய் எழுதியதைக்கூட மன்னித்துவிட்டேன், அவங்களைக் கூலி ஆள் மாதிரி நினைத்து என் கையால் பழைய புடவை கொடுக்க வைத்தாயே, அது ஆறவில்லை என்று எழுதியிருந்தாள்.

எல்லாரிடமும் சொல்லிவிட்டேன் என்று எதிர் வீட்டில் போய்ச் சொன்னேன். மெச்சுவாள் என்று நினைத்தேன். அவளுக்குக் கோபம்தான் வந்தது. "ஒன்ன யாருடி சொல்லச் சொன்னா? கூலியா வாங்குனேன்னு தெரிஞ்சப்பறம் அந்தப் பொடவைய நா எப்படிக் கட்டிக்கிட்டு வெளிய வருவேன்?" என்று கத்தினாள். ஆனாலும் கட்டிக்கொண்டாள்.

மற்றவர்கள் வீட்டையும் வாசலையும் பார்த்து வயிறெரிந்ததெல்லாம் வயதோடு அடங்கிவிட்டது. தன்னைக் கூலிக்காரி என்று சொன்னது காதில் விழுந்தும், கை நடுங்காமல் அடுத்தவள் பிள்ளைக்காகக் கறந்துகொண்டே இருந்த அந்த மனசு எனக்கு வாய்க்கவில்லையே என்ற பொறாமை மட்டும் இன்னும் அடங்கவில்லை.