எல்லாம் எட்டு

ஓய்வுபெற்று ஏழு வருடங்கள் கழித்து எனக்கு ஒரு கணினி நிறுவனத்தில் வேலை கிடைத்தது. அரியாலையில் ஒரு மாடிவீட்டின் மேல்தளம். ஏறப் பதினெட்டுப் படிகள். கனடாவிலிருக்கும் ஒருவருக்காக, பல் வைத்தியரிடம் நேரம் பதியும் செயலி ஒன்றை அங்கே மூன்று பேர் செய்துகொண்டிருந்தார்கள். மூவரும் என்னிடம் கணக்குப் படித்தவர்கள். அவர்களுக்குத் தலைவியாக இருந்த பிள்ளைதான் என்னைக் கூப்பிட்டாள்.

"சேர் பிழை பிடிக்கிறதிலை விண்ணர்" என்றாள். பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன்.

செயலியை அமத்திப் பார்த்து, கண்ட பிழைகளை இலக்கமிட்டுப் பட்டியலில் ஏற்றுவது என் வேலை. இரண்டு கிழமைக்கொரு திங்கட்கிழமை, அந்தப் பிழைகளுக்கு அளவு போடுவார்கள். ஒன்று, இரண்டு, மூன்று, ஐந்து, எட்டு என்று ஆளுக்கு ஐந்து அட்டைகள். ஒரு பிழையைத் திருத்த எவ்வளவு வேலை பிடிக்கும் என்பதை எல்லோரும் ஒரே நேரத்தில் அட்டை தூக்கிக் காட்ட வேண்டும். சின்ன வேலைக்கு ஒன்று, பெரிய வேலைக்கு எட்டு. அடுத்த இரண்டு கிழமையில் மூவராலும் அட்டை எண்களைக் கூட்டினால் மொத்தம் நாற்பது வரைக்கும்தான் திருத்த முடியும்.

அந்தத் திங்கட்கிழமை பன்னிரண்டு பிழைகள். நான் எல்லாவற்றுக்கும் எட்டே தூக்கினேன். திகதி ஒரு நாள் தள்ளிக் காட்டினால் ஒரு மனிதன் பல்வலியோடு பூட்டிய கதவுக்கு முன் நிற்பான். அது எப்படி ஒன்றாகும்? ஒரு பொத்தானின் நிறம் மங்கலாக இருந்ததற்கும் எட்டுத்தான். வயதானவர்களுக்குக் கண் தெரியாது. மற்ற மூவரும் ஒவ்வொரு முறையும் எட்டே காட்டினார்கள். மொத்தம் தொண்ணூற்றாறு. எனக்கு வேலை பிடிபட்டுவிட்டது என்று இருபத்திரண்டு மணித்தியாலம் சந்தோஷமாக இருந்தேன்.

செவ்வாய் காலை எட்டு மணிக்குக் கனடாக்காரர் அழைத்தார். பன்னிரண்டு பிழையும் இந்த இரண்டு கிழமைக்குள் தீர வேண்டும், இல்லாவிட்டால் வேலையைக் கொழும்புக்குக் கொடுத்துவிடுவேன் என்றார். எங்களுக்கு வேறு வேலை எதுவும் இருக்கவில்லை. அது போனால் மாடியைப் பூட்டிவிட்டு இறங்க வேண்டியதுதான்.

தலைவி பட்டியலையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பக்கத்திலிருந்த பொடியனிடம் கேட்டேன்.

"பொத்தான் நிறம் மாத்த எவ்வளவு நேரம் பிடிக்கும்?"

"அஞ்சு நிமிசம், சேர்."

"பிறகேன் எட்டுப் போட்டனீ?"

"சேர் எட்டுப் போடேக்கை நான் எப்பிடி ஒண்டு போடுறது?"

"எல்லாரும் ஒரே நேரத்திலை தானே தூக்கிறது?"

"சேரின்ரை அட்டையைப் பாத்திட்டுத்தான் நாங்கள் தூக்கிறனாங்கள்."

"அண்ணை, சும்மா இருங்கோ" என்றாள் தலைவி அவனிடம்.

"ஏன் இருக்க? பத்தாம் வகுப்பிலை சேருக்கு மாறிக் கதைச்சு முழங்காலிலை நிண்டது நான் தானே. இண்டைக்கும் படி ஏறேக்கை நோகுது."

மூன்றாமவன் சிரிப்பை இருமலாக்கினான்.

அளவைத் திரும்பப் போடுங்கள் என்று சொல்லிவிட்டு நான் வெளியே விறாந்தைக்குப் போய் நின்றேன். கதவு சாத்தியிருந்தாலும் எல்லாம் கேட்டது.

"உதுக்கு மூண்டோ? உமக்கென்ன விசரே?" என்றாள் தலைவி.

"வாயாலை திருத்தேலாது பிள்ளை, கையாலை திருத்த வேணும். மூண்டு" என்றான் மூன்றாமவன்.

"இரண்டு. இல்லாட்டி நீரே இருந்து திருத்தும்!"

நான் வேலைக்குச் சேர்ந்த பத்துக் கிழமையாக என் முன்னால் அவர்கள் ஒருவரையொருவர் மறுத்துப் பேசி நான் கேட்டதில்லை. நாற்பது நிமிடத்தில் முடித்தார்கள். திகதிப் பிழை மட்டும் உண்மையாகவே எட்டு. மொத்தம் முப்பத்திரண்டு.

அடுத்த கிழமை வியாழக்கிழமை பன்னிரண்டும் தீர்ந்தன. ஒவ்வொன்றையும் மூன்று தரம் அமத்திப் பார்த்து நானே பட்டியலில் மூடினேன். வேலை தொடரட்டும் என்று கனடாக்காரர் எழுதியிருந்தார்.

அடுத்த அளவுக்குச் சேரும் உள்ளே இருக்க வேண்டும் என்று தலைவி சொன்னாள். வேண்டாம், நான் விறாந்தையில் நிற்கிறேன் என்றேன்.

"ஓம் சேர், அதுவும் நல்லதுதான்."

இரண்டாந்தரம் கேட்பாள் என்று கொஞ்சம் நின்று பார்த்தேன். அவள் அட்டைகளை அடுக்கத் தொடங்கிவிட்டாள்.