லயத்துக்கே ஒரு போன் நம்பர்

எனக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை. ஆனாலும் போன வருடம் எனக்கு ஐந்தாவது மாதம் நடப்பதாகவும், இரும்புச்சத்து மாத்திரையை மறக்காமல் சாப்பிட வேண்டும் என்றும் என் போனுக்குச் செய்தி வந்தது.

அரசாங்கப் பணத்தில் செய்த சுகாதாரச் செயலி அனுப்பிய செய்தி அது. எங்கள் பக்கத்துக் கிளினிக் தேதியெல்லாம் அதில்தான் வரும். தப்பு அதன்மேல் மட்டும் இல்லை. எங்கள் எஸ்டேட் லயத்து வரிசை வீடுகளில் யாரிடம் போன் நம்பர் கேட்டாலும் என் நம்பரைத்தான் சொல்வார்கள். பெரியவர்கள் அடிக்கடி சிம் கார்டு மாற்றுகிறவர்கள். என் வீடு ரோட்டோரக் கடைசி வீடு, லைன் நன்றாகக் கிடைக்கும். நானோ பதினைந்து வயதில் மூன்றாம் படிவத்தோடு பள்ளிக்கூடத்துக்கு விடுதலை கொடுத்துவிட்டுச் எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறவன். போன் கையிலேயே இருக்கும்.

செயலிக்கு இந்தப் பழக்கம் தெரியாது. ஒரு நம்பர் என்றால் ஒரு ஆள் என்று அது முடிவு கட்டியிருந்தது. கடைசியாக யார் பதிகிறாரோ அவர்தான் நான். பக்கத்து வீட்டு அக்கா கர்ப்பமாகிப் பதிந்தார், நான் கர்ப்பமானேன். இடுப்பைப் பிடித்துக்கொண்டு லயம் முழுக்க நடந்து மாங்காய் கேட்டேன். கொடுத்தார்கள்.

அம்மா மட்டும் சிரிக்கவில்லை.

"டேய், அப்ப என் கண்ணு தேதி என்னாச்சு?"

அம்மாவுக்குச் சர்க்கரை. கொஞ்ச நாளாக டிவி சீரியலில் மாமியார் யார், மருமகள் யார் என்று குரலை வைத்துத்தான் கண்டுபிடித்தார். கண் பரிசோதனைத் தேதியும் என் நம்பரில்தான் இருந்தது. போனில் தேடிப் பார்த்தேன். அக்காவின் வயிற்றுப் பிள்ளை அந்தத் தேதியை விழுங்கியிருந்தது.

அம்மாவை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு கிளினிக்குக்குப் போனேன். அங்கே நர்ஸாக இருந்த தாதி தமிழர்தான். திரையைப் பார்த்தார்.

"இந்த நம்பருக்கு கர்ப்பிணி செக்கப்தான் காட்டுது. யாரு அது?"

"நான்தான் மிஸ்ஸி."

"ஒழுங்கா பேசு. உங்கம்மாவுக்கு புதுத் தேதி போட்டா அந்தப் பொண்ணு தேதி போயிரும். நம்பரை மாத்தவும் இங்க பட்டன் இல்ல. ஆப் செஞ்ச கம்பெனிக்கு எழுதிட்டோம். உள்ள என்ன இருக்குனு அவங்களுக்குத்தான் தெரியும்."

"எப்ப செய்வாங்க?"

"செய்யும்போது செய்வாங்க லா."

ஞாயிற்றுக்கிழமை என் பள்ளித்தோழி ஒருத்தி கோலாலம்பூரிலிருந்து லயத்துக்கு வந்திருந்தாள். அங்கே அவளுக்கு இதேபோல் செயலி எழுதுகிற வேலை. விஷயத்தைச் சொன்னதும் அவளுக்குக் கோபம் வந்துவிட்டது.

"நம்ம வரிப்பணத்துல எழுதுன கோட் லா அது. எல்லாரும் பாக்குற மாதிரி வெளிய வச்சிருந்தா, எந்த இடத்துல தப்புனு நானே பாத்துச் சொல்லிருப்பேன்."

அம்மா பதறிப்போனார். "வெளிய வச்சா என் சக்கரை எவ்வளவுனு ஊருக்கே தெரிஞ்சிருமே!"

"ஆண்ட்டி, எப்படி சமைக்கறதுனுதான் வெளிய தெரியும். யாரு எவ்வளவு சாப்பிட்டாங்கனு தெரியாது."

நான் விடவில்லை. "நம்ம கோயில் அன்னதான சாம்பார் ஞாபகம் இருக்கா? வந்த மாமா எல்லாம் ஆளுக்கொரு கை உப்பு போட்டாங்களே. அந்த மாதிரி ஆயிராதா?"

"யாரு வேணாலும் ருசி பாக்கலாம்டா மடையா. உப்பு போடறது ஒரே ஆளுதான்."

"கம்பெனினா திட்டறதுக்காச்சும் ஒருத்தன் இருக்கான்."

அவள் தலையாட்டினாள். "அது சரிதான். பொறுப்புக்கு ஆள் வேணும். கம்பெனியே பொறுப்பா இருக்கட்டும். பூட்டு எதுக்கு?"

என் லோரி செம்பனைக் காட்டுக்குள் படுத்துவிட்டால் நான் போனட்டைத் திறந்து பார்ப்பேன். எல்லாவற்றையும் என்னால் சரிசெய்ய முடியாது. ஆனால் புகை எங்கிருந்து வருகிறது என்று மெக்கானிக்குக்குச் சொல்ல முடியும். போனட்டுக்குப் பூட்டுப் போட்ட லோரியை எங்களை மேய்க்கும் மேஸ்திரி மண்டோர்கூட வாங்கமாட்டார், அவர் எதையும் வாங்குகிறவர். அதனால் திறந்துவைப்பதுதான் சரி என்பது என் கட்சி.

ஆனால் அம்மாவின் கண் எங்கள் வாதம் முடியும்வரை காத்திருக்காது. மறுநாளிலிருந்து வேலை முடிந்ததும் கிளினிக்குக்குப் போய்க் கர்ப்பிணிகள் வரிசையில் உட்கார ஆரம்பித்தேன். போனில் என் தேதி அங்கேதானே இருந்தது? பக்கத்திலிருந்த ஒரு மலாய்க்காரப் பெண் எனக்கு இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தார்.

"மிஸ்ஸி, புள்ள உதைக்குது."

"உன்னைத்தான் உதைக்கணும்!" என்று தாதி எழுந்தார். முறைத்துக்கொண்டே பெரிய ஆஸ்பத்திரியின் கண் பிரிவுக்குப் போன் போட்டார், காத்திருந்தார், யாரிடமோ மலாயில் கெஞ்சினார். கடைசியில் ஒரு தேதியை அம்மாவின் மருந்துப் பையில் எழுதிக் கொடுத்தார். "இனி இந்தப் பக்கம் பிரசவத்துக்குக்கூட வராதே."

அந்தத் தேதியில் போனோம். கண்ணுக்குள் பின்பக்கம் வீக்கம், நல்ல நேரத்தில் வந்தீர்கள், லேசர் வைத்தால் பார்வை நிலைக்கும், தள்ளிப்போடாதீர்கள் என்றார் டாக்டர். அம்மா என் கையைப் பிடித்த பிடியில் என் விரல் வெளுத்துவிட்டது.

வெளியே வந்தோம். சொட்டு மருந்து விட்ட கண்ணோடு, வெயில் தாங்காமல் துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு மோட்டாரில் ஏறினார்.

"லேசர் எப்பனு சொன்னாங்க?"

"தேதி ஆப்ல வருமாம்மா."

அந்த நேரம் பார்த்துப் போன் கிணுகிணுத்தது.

"என்னடா வந்துச்சு?"

"ஆறாவது மாசத்துக்கு வாழ்த்து சொல்றான்."

"வண்டியைத் திருப்பு. அந்த டாக்டர் கையில ஒரு பேனாவையும் என் மருந்துப் பையையும் குடு."

திருப்பினேன்.